மைனஸ், பிளஸ், பதினேழாம் கேசட்

ஜூன் 6, 2004

அன்புள்ள பொடிசுக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. உன் அண்ணன் வைத்த பெயர். முப்பத்தொன்பது வயதில் ஒரு கடையின் ரிப்பேர் பிரிவையே நடத்துகிறவளை வேறு எப்படிக் கூப்பிடலாம் என்று யோசித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அச்சகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் பிழை பார்க்கிறேன். என் கடிதத்தை எனக்கே திருத்த வரவில்லை.

நாலரை வருடம் கழித்து எழுதுவது ஒரு டிஸ்க்கைப் பற்றிக் கேட்க என்றால் உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள். நேற்று கடைக்குப் போய் வீட்டில் பதிவு செய்கிற டிவிடி டிஸ்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "மைனஸா பிளஸா மேடம்?" என்றாள். எது நல்லதோ அதைக் கொடு என்றேன். "உங்க பிளேயருக்கு எது ஒத்துக்கும்னு தெரியாம நான் எப்படி மேடம் சொல்றது? ரெண்டு கம்பெனிக்காரங்க சண்டை, நடுவுல நாமதான் மாட்டிக்கிட்டோம்" என்றாள். சண்டையின் நடுவில் மாட்டிக்கொள்வது பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

உன் அண்ணன் எடுத்த வீடியோ கேசட்டுகளைத் திருப்பிக் கேட்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் இறந்த மாதம் நீ வந்து கேசட் பெட்டியைத் தூக்கும்போது, "காமிரா நான் வாங்கிக் குடுத்தது, அதுல எடுத்ததும் எனக்குத்தான்" என்றாய். நானும், "எடுத்துட்டுப் போ, இங்க யாரு உன்னைக் கெஞ்சினா" என்றேன். அது அப்படியே இருக்கட்டும். எனக்குப் பிரதி போதும்.

வாண்டுக்கு எட்டரை வயது. போன வாரம் ஆல்பத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "அம்மா, அப்பா எல்லா போட்டோவுலயும் நின்னுக்கிட்டே இருக்காரு. எப்படி நடப்பாரு?" எழுந்து கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது நீ நடக்கிற மாதிரியேதாம்மா இருக்கு."

காமிராவுக்குப் பின்னாலேயே நின்றவர். பதினேழாம் எண் கேசட்டில் மட்டும்தான் ஸ்டாண்டு வைத்து எடுத்தார், அதில் அவரும் உண்டு. நாங்கள் குடிவருவதற்கு முந்தின வாரம், சாமான் இல்லாத இந்த வீடு. அது ஒன்று கிடைத்தால் போதும்.

போன் செய்திருக்கலாம். போனில் நாம் இருவரும் இரண்டாவது வாக்கியத்தில் குரலை உயர்த்திவிடுவோம்.

அண்ணி


ஜூன் 15, 2004

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இருக்கிறேன்.

நாலரை வருடத்தில் ஒரு தடவைகூட "இருக்கியா, செத்தியா" என்று கேட்கத் தோன்றவில்லை, டிஸ்க் வாங்கப் போனதும் ஞாபகம் வந்துவிட்டது. சரி. நானும்தான் எழுதவில்லை.

கேட்டதற்குப் பதில். மைனஸ் ஆர், பிளஸ் ஆர் இரண்டிலும் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும், அழிக்க முடியாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். மைனஸ் முதலில் வந்தது, பழைய பிளேயர்கள் அதைத்தான் அதிகம் ஏற்றுக்கொள்ளும். பிளஸ் பின்னால் வந்தது, கம்ப்யூட்டர்காரர்களுக்குச் செல்லம். பெயரின் கடைசியில் ஆர்டபிள்யூ என்று இருந்தால் ஆயிரம் தடவைவரை அழித்து அழித்து எழுதலாம், ஆனால் பாதி பிளேயர் அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ராம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு லட்சம் தடவை எழுதலாம் என்கிறார்கள். அது ஒரு பிளாஸ்டிக் உறையோடு வரும், உங்கள் பிளேயருக்குள் நுழையவே நுழையாது.

எதை எடுத்தாலும் மேலே லேபிள் ஒட்டாதீர்கள். உங்களுக்கு லேபிள் பைத்தியம் என்று தெரியும். உப்பு டப்பாவில் "உப்பு" என்று ஒட்டியவர் நீங்கள். டிஸ்க்கில் ஒட்டினால் எடை ஒரு பக்கம் சாய்ந்து உள்ளே உதறும்.

பிளேயர் மாடலை எழுதுங்கள். இருபத்திரண்டு கேசட்டையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக மாற்றித் தருகிறேன். வரிசைப்படிதான் செய்வேன்.

வாண்டு எந்த வகுப்பு? அவள் பிறந்தநாளுக்கு வாங்கிய கலர் பென்சில் டப்பா என் மேஜையிலேயே இருக்கிறது. நாலு வருடத்துக்கும் சேர்த்து நாலு டப்பா.

பொடிசு


ஜூன் 24, 2004

அன்புள்ள பொடிசுக்கு,

உப்பு டப்பா இன்னும் இருக்கிறது. லேபிளும் இருக்கிறது. இப்போது அதில் சர்க்கரை.

வாண்டு நாலாம் வகுப்பு. நாலு டப்பா என்றதும், "அத்தைக்கு நம்ம அட்ரஸ் மறந்துடுச்சாம்மா?" என்று கேட்டாள். அம்மாவுக்குத்தான் மறந்துவிட்டது என்றேன். அவளிடம் அந்த அளவுக்குத்தான் உண்மை சொல்ல முடிந்தது.

பிளேயரின் மாடல் எண்ணில் கடைசி எழுத்து உதிர்ந்துவிட்டது. தெரிகிறதை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவர் பிளஸ் கட்சி. "மைனஸ்னு பேர்லயே குறை இருக்கே, அதை ஏன் வாங்கறீங்க?" என்கிறார். பைண்டிங் பிரிவுக்காரர் மைனஸ் கட்சி. இரண்டு பேரும் என்னால் இப்போது பேசிக்கொள்வதில்லை. மூன்று நாளாகப் பக்கங்கள் என் மேஜை வழியாகத்தான் போய் வருகின்றன.

எனக்கென்னவோ அழித்து எழுதுகிற டிஸ்க்தான் பிடித்திருக்கிறது. வாண்டு வளர வளர அவளுடையதையும் சேர்த்துக்கொண்டே போகலாமே. அவரும் இப்படித்தான். கேசட் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் யாரும் மேலே பதிவு செய்ய முடியாது என்று நீயே அவரிடம் எத்தனை தடவை சொன்னாய். ஒன்றைக்கூட உடைக்கவில்லை. "இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டியிருக்கும்" என்பார்.

வரிசையெல்லாம் எதற்கு, பதினேழை முதலில் செய்யேன். தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் தபால் வந்ததா என்று கேட்கிறாள்.

அண்ணி


ஜூலை 3, 2004

அண்ணிக்கு,

வாதம் வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். மூன்றாம் கேசட்டிலிருந்து இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து நாலு டிஸ்க்கில் எழுதி அனுப்பியிருக்கிறேன். மைனஸ், பிளஸ், மைனஸ் ஆர்டபிள்யூ, பிளஸ் ஆர்டபிள்யூ. படம் ஒன்றேதான். எது எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள். கட்சிக்காரர்களைக் கூப்பிட வேண்டாம், நீங்களும் வாண்டும் மட்டும் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மூன்றாம் கேசட்டைப் போட்டதும் ஐந்து நிமிடம் ஒன்றுமே வரவில்லை. வெறும் நீலத் திரை. அப்புறம்தான் படம் வந்தது. நாலைப் போட்டேன், அதுவும் அப்படியே. அண்ணன் ஏன் ஆரம்பத்தைக் காலியாக விட்டிருக்கிறான்? எல்லாவற்றிலுமா?

பதினேழைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கடையில் வேலை அதிகம்.

பொடிசு


ஜூலை 12, 2004

அன்புள்ள பொடிசுக்கு,

எல்லாவற்றிலும்தான். டேப்பின் தலைப்பகுதிதான் முதலில் கசங்கும், அங்கே முக்கியமானது எதுவும் இருக்கக் கூடாது என்பார். ஐந்து நிமிடம் ஓடவிட்டுத்தான் எடுக்க ஆரம்பிப்பார். அதற்குள் அழுகிற குழந்தை சிரித்துவிடும், சிரிக்கிற குழந்தை தூங்கிவிடும். எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

இனி சோதனை முடிவு. மதிப்பெண் போட்டது வாண்டு. மைனஸ் போட்டவுடன் ஓடியது, நூற்றுக்கு நூறு. மைனஸ் ஆர்டபிள்யூ ரொம்ப நேரம் உள்ளே சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு ஓடியது, நாற்பது. பிளஸ் ஆர்டபிள்யூவைப் போட்டால் "டிஸ்க் இல்லை" என்று பிளேயர் சாதிக்கிறது, பூஜ்யம். பிளஸ் நன்றாக ஆரம்பித்து நடுவில் சிக்கிக்கொண்டது.

எந்த இடத்தில் தெரியுமா? நீ ஸ்கூட்டர் ஓட்டப் பழகுகிறாய், சுவரை நோக்கிப் போகிறாய், அவர் பின்னாலிருந்து, "பொடிசு, பிரேக்! பிரேக்கப் பிடிடீ!" என்று கத்துகிறார். அந்தப் "பிரேக்"கில் நின்றுவிட்டது. பிரேக், பிரேக், பிரேக், பிரேக். வாண்டு தரையில் விழுந்து சிரித்தாள். பிளஸுக்கும் நூறு போட்டுவிட்டாள்.

சிரித்து முடித்த பிறகுதான் கேட்டாள். "யாரும்மா அது கத்துறது?"

"அப்பாதான்."

அப்படியே உட்கார்ந்தாள். "அப்பா குரல் இவ்ளோ சின்னதா?" என்றாள். நாலு வருடமாக மனதுக்குள் ஏதோ பெரிய குரலாக வைத்திருந்திருக்கிறாள் போலிருக்கிறது. நாலு டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். ஓடாத டிஸ்க்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள், பாவம் அதுவும் முயற்சி பண்ணட்டும் என்று.

பிறகு சொன்னாள்: "குரல் வந்துடுச்சு. இனிமே நடக்கிறது மட்டும்தான் பாக்கி."

பதினேழு, பொடிசு.

அண்ணி


ஜூலை 20, 2004

அன்புள்ள அண்ணி,

பதினேழு இல்லை.

கேசட் இருக்கிறது. அதில் அண்ணன் இல்லை. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று சண்டை போட்டு எடுத்துவந்தேனே அந்தப் பெட்டி, அதை நான் ஒரே ஒரு தடவைதான் திறந்தேன். அதுவும் அவனைப் பார்க்க இல்லை. உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வரத் தைரியம் இருந்தது, அவன் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை. ஸ்கூட்டர் துண்டைத்தான் முதன்முதலாகப் பார்த்தேன், உங்களுக்கு அனுப்புவதற்காக.

வீட்டில் சுவர் ஓதம் காத்ததால் பெட்டியைக் கடையில் வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ரெக்கார்டர் ரிப்பேருக்கு வந்தது. பழுது பார்த்ததும் முக்கால் மணி நேரம் ஏதாவது சானலைப் பதிவு செய்து சோதிப்பது எங்கள் வழக்கம். சோதனை கேசட் அன்று கைவசம் இல்லை. பெட்டியில் மேலாக இருந்ததை எடுத்தேன். எண் மட்டும்தான் எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், நீலத் திரை. அண்ணன் ஒரு காலிக் கேசட்டையும் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஆரம்பத்துக்குச் சுற்றிப் பதிவு போட்டேன்.

உங்கள் முதல் கடிதத்தில் பதினேழு என்று பார்த்ததும் அதைத் தேடி எடுத்தேன். போட்டால், வானிலை அறிக்கை வாசிக்கிற ஆள். கடற்கரையோரம் லேசான மழை என்கிறான். அப்படியே வெளியே எடுத்துவிட்டேன். அதன்பின் தொடவில்லை.

அடுத்தவர் கல்யாண கேசட்டை அழித்துவிட்டு வந்து நிற்கிறவர்களிடம், "பல்லை உடைச்சு வெச்சிருக்கலாமே சார்" என்று தினமும் சொல்கிறவள் நான். எதில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருந்திருந்தால்கூட இது நடந்திருக்காது. பெட்டியை எடுத்துவந்த அடுத்த வாரம் உங்களுக்குப் போன் செய்து, "அண்ணன் நோட்டு ஏதாவது எழுதி வெச்சிருந்தானா அண்ணி?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்றீர்கள். அவனுக்கு அந்த மாதிரி ஒழுங்கு இருந்தால்தானே.

குழந்தையிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை. என் பெயரையே சொல்லுங்கள்.

பொடிசு


ஆகஸ்ட் 14, 2004

பொடிசுக்கு,

மூன்று வாரம் ஆகிவிட்டது. முதல் வாரம் உனக்கு எழுதியதை எல்லாம் அடுப்பில் போட்டேன். நீ படிக்க வேண்டாதவை. அச்சகத்தில் ஒரு புத்தகத்தின் முன்னுரையில் எட்டுப் பிழையை விட்டுவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை.

வாண்டிடம் கேசட் கெட்டுப்போய்விட்டது என்றேன். "கெட்டுப்போனா அத்தை ரிப்பேர் பண்ணுவாங்கல்ல? அதானே அவங்க வேலை?" என்றாள். அவளுக்கு உன் மேல் அவ்வளவு நம்பிக்கை. எனக்கு உன் மேல் ஆத்திரம், அதைவிட என் மேல். ஏன் என்று சொல்கிறேன்.

நோட்டு இருந்தது.

நீ போன் செய்தபோது என் மடியில்தான் இருந்தது. நீல அட்டை, அவர் கையெழுத்து, ஒன்று முதல் இருபத்திரண்டுவரை. அதைப் பிரித்து வைத்துக்கொண்டே "இல்ல, அப்படி எதுவும் இல்ல" என்றேன். கேசட்டெல்லாம் அவளிடம் போய்விட்டது, இதுவாவது என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. இல்லை, அதுகூட முழு உண்மை இல்லை. எது எதில் இருக்கிறது என்று தெரியாமல் நீ தவிக்க வேண்டும் என்று நினைத்தேன். படம் ஒரு வீட்டில், பட்டியல் ஒரு வீட்டில். பதினேழை அழித்தது உன் விரல் என்றால், அந்த விரலின் கண்ணைக் கட்டியது நான்.

உன் கடிதத்தில் "அவனுக்கு ஒழுங்கு இருந்தால்தானே" என்று இருக்கிறது. ஒழுங்கு இருந்தது, பொடிசு. என்னால் அவருக்கு அந்தப் பழி வேண்டாம்.

நேற்று நோட்டை எடுத்துப் பதினேழாம் வரியைப் படித்தேன். அப்படியே தருகிறேன்: "17. காலி வீடு. 5 விட்டு 42. ஸ்டாண்டு. நானும்."

ஐந்தும் நாற்பத்திரண்டும் நாற்பத்தேழு. உன் சோதனை முக்கால் மணி நேரம் என்கிறாய். முதல் பக்கம் கிழிந்திருக்கிறது என்று கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் விட்டால் என் வேலை போய்விடும். வானிலைக்காரனைப் பார்த்ததும் வெளியே எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அவன் பேசி முடித்த பிறகு என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?

கடைசிவரை ஓட்டிப் பார். உன்னால் முடியாவிட்டால் இங்கே அனுப்பு, நான் பார்க்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 19, 2004

அன்புள்ள அண்ணி,

இருக்கிறான்.

கடிதம் வந்தபோது கவுண்டரில் நாலு பேர் நின்றார்கள். "ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். ஆரம்பத்திலிருந்தே ஓடவிட்டேன். வேகமாகச் சுற்ற பயம். வானிலை, செய்தி, சமையல் பாத்திர விளம்பரம், மறுபடி செய்தி. முக்கால் மணி தாண்டியும் நிற்கவில்லை. அன்று யாரோ வாடிக்கையாளர் ரிமோட்டைப் பற்றி என்னைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பார், நான் நிறுத்தத் தாமதித்திருப்பேன். ஒவ்வொரு விநாடியும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே பார்த்தேன். நாற்பத்தாறு தாண்டியது. விளம்பரம் பாதியில் அறுந்தது. கொஞ்ச நேரம் வெறும் புள்ளி, கோடு. அப்புறம் உங்கள் கூடம்.

பத்தொன்பது விநாடி.

ஜன்னல் ஓரம் நீங்கள், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. வாண்டு உள்ளே. அண்ணன் அந்தக் கோடியில் சுவரோரம் நிற்கிறான். காமிராவை நிறுத்துவதற்காகக் கிளம்பி வருகிறான். காலி அறை என்பதால் செருப்புச் சத்தம் கேட்கிறது. இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் நடக்கிறான், மறந்தே போயிருந்தேன். பாதி வழியில் குனிகிறான். தரையிலிருந்து ஏதோ நூலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். மறுபடி நடக்கிறான். திரை முழுக்க அவன் முகம். கண்ணைச் சுருக்கிக் காமிராவின் பக்கவாட்டில் தேடுகிறான்.

"பொடிசு எந்தப் பட்டன்னு சொன்னா?"

பின்னாலிருந்து நீங்கள்: "சிவப்புங்க! எத்தனை தடவை சொல்லிட்டுப் போனா!"

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

ஒரு மணி கழித்து வந்தவர்களை மறுபடி ஒரு மணி கழித்து வரச் சொன்னேன்.

மைனஸ் ஆரில் எழுதி அனுப்பியிருக்கிறேன், மூன்று பிரதி. வாண்டு நூறு மார்க் போட்டிருக்கிறாளே என்று பிளஸிலும் ஒன்று. எங்கே சிக்குகிறதோ சிக்கட்டும். அழித்து எழுதுகிற டிஸ்க்கில் இதைத் தரமாட்டேன், கேட்காதீர்கள். ஆயிரம் தடவை அழிக்கலாம் என்பதைக் கடையில் பெருமையாகச் சொல்லித்தான் விற்கிறேன். ஒரு தடவை அழித்ததே போதும் எனக்கு.

பதினேழின் பல்லை உடைத்துவிட்டேன். உடைத்த துண்டு என் பர்ஸில் இருக்கிறது.

நோட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று நான் உங்கள் இடத்தில் இருந்தால் நோட்டைக் கிழித்தே போட்டிருப்பேன். நீங்கள் வைத்திருந்தீர்கள்.

பொடிசு


ஆகஸ்ட் 30, 2004

அன்புள்ள பொடிசுக்கு,

டிஸ்க் வெள்ளிக்கிழமை வந்தது. வாண்டு பள்ளியிலிருந்து வரும்வரை உறையைப் பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

பார்த்தாள். "மறுபடி" என்றாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. நடுவில் ஒரு தடவை, "ஜன்னல்கிட்ட நிக்கிறது நீயா? ஒல்லியா இருக்கே?" என்றாள். வயிற்றோடு இருந்த என்னைப் பார்த்து ஒல்லி என்கிறாள். இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அந்த நூலை நானும் மறந்திருந்தேன். கீழே கிடக்கிற எதையும் விடமாட்டார். அவர் சட்டையைத் துவைக்கப் போட்டால் பையில் நூல், பட்டன், குண்டூசி எல்லாம் வரும். "என்ன இது, குப்பைத்தொட்டியா?" என்று கத்துவேன். அவர் குரல், முகம், சிரிப்பு எல்லாவற்றையும் பத்திரமாக நினைவில் வைத்திருக்கிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் வாண்டுக்கு நடந்து காட்டிய நடையில் அந்தக் குனிதல் இல்லை. அதனால்தான் அவள் நம்பவில்லை.

நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்ப எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நீ கேசட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வா. அதுவும் நோட்டும் ஒரே அலமாரியில் இருக்கட்டும், யார் வீட்டு அலமாரி என்பதை வந்தபிறகு சண்டை போட்டு முடிவு செய்யலாம். பென்சில் டப்பாவையும் மறக்காதே. காமிராவும் ஸ்டாண்டும் கொண்டு வா. இந்தத் தடவை யாரும் காமிராவுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. எந்த டிஸ்க் என்பதை உன் இஷ்டத்துக்கே விட்டுவிடுகிறேன், லேபிள் ஒட்டமாட்டேன்.

இதை எழுதும்போது வாண்டு கூடத்தில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் இந்த வீட்டுக்குள் சாதாரணமாக நடப்பதே இல்லை. இடது தோளை இறக்கிக்கொண்டு அந்தச் சுவரோரத்திலிருந்து கிளம்புகிறாள். பாதி வழியில் குனிந்து, தரையில் இல்லாத நூலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறாள். என் முன்னால் வந்து நின்று, என் முகத்துக்கு நேராகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்கிறாள்:

"அத்தை எந்தப் பட்டன்னு சொன்னாங்க?"

அண்ணி